பாடசாலை வாசலில் வீதியைத் திருத்துவது எப்படி: ஒரு அளவு நாடா, ஒரு போன், சரியான விலாசத்துக்கு ஒரு கடிதம்

வீதிப் பாதுகாப்பு வாரம் வந்தால் எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துப் பாடசாலைகளில் நடப்பது இதுதான்: மண்டபத்தில் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி ஒரு மணித்தியாலம் சொற்பொழிவு, பிறகு சித்திரப் போட்டி, கடைசியில் சான்றிதழ். ஒன்றரைக்கு மணி அடிக்கும். அதே பிள்ளைகள் அதே வாசலால் வந்து, நிற்கிற மினிபஸ்ஸின் மூக்கடியால் வீதிக்குள் இறங்குவார்கள்.

நான் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வீதி அளப்பதும் மதகுக்கு மதிப்பீடு போடுவதும் சனங்கள் தரும் கடிதங்களோடு இடம் பார்க்கப் போவதும்தான் வேலை. அன்றைக்கும் சைக்கிள், இன்றைக்கும் சைக்கிள். எந்தக் கடிதம் கோவைக்குள் நித்திரை கொள்ளும், எது மையாகவும் கொங்கிறீற்றாகவும் வீதிக்கு வரும் என்பது ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: சொற்பொழிவு கடைசியில் வரட்டும். முதலில் இடத்தைப் பாருங்கள், பிறகு இடத்தைத் திருத்துங்கள், அதற்குப் பிறகு பிள்ளையைப் பழக்குங்கள்.

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருகிற வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கிற பக்குவம் வந்திராது. உயரமும் போதாது. தரித்து நிற்கிற வானுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைச் சாரதியும் காணமாட்டார், பிள்ளையும் வருகிற வாகனத்தைக் காணாது. "கவனமாப் போ" என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த வானுக்குள்ளால் பார்வை போகாது.

இன்னொன்று. பொருளாதாரத் தடை இருந்த 90களில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. வீதியெல்லாம் கிடங்கும் பள்ளமும், ஆகவே எவருக்கும் வேகம் வாய்க்கவில்லை. 2009க்குப் பிறகு வீதிகள் காபெற் ஆகின, லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வந்து குவிந்தன. உள்ளூர் வீதிகள் பலவற்றில் அகலம் அதேதான், கரையில் மதிலும் வாய்க்காலும் அதேதான், வேகம் மட்டும் வேறு. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது வீட்டுக் கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் வெளியே எடுத்தார்கள். பெற்றோல் வந்ததும் பலர் திரும்பக் கோடிக்குள் விட்டார்கள். கேட்டால், "றோட்டில போகப் பயமாக் கிடக்கு" என்பதுதான் பதில்.

முதலில் நின்று பாருங்கள்

முழு ஊரையும் எடுக்காதீர்கள். ஒரு பாடசாலை, வாசலில் இருந்து இரண்டு பக்கமும் 250 மீற்றர், அவ்வளவுதான். காலை ஆறேமுக்காலில் இருந்து ஏழரை வரை, மத்தியானம் ஒன்றரையில் இருந்து இரண்டு வரை, பின்னேரம் ரியூசன் விடுகிற நேரம். மழை நாளிலும் ஒருமுறை நில்லுங்கள். மழைக்குச் சனம் நடக்கிற தடமே மாறும்: வெள்ளம் நிற்கிற கரையை விட்டு எல்லாரும் நடு வீதிக்கு வருவார்கள்.

ஒரு தாளில் வீதியைக் கீறுங்கள். கடவை கீறியிருக்கிற இடத்தில் அல்ல, பிள்ளைகள் உண்மையில் கடக்கிற இடத்தில் புள்ளி போடுங்கள். கச்சான் விற்கிற அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாவோ, ஐஸ்கிறீம் வான் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உண்மையான கடவை. பஸ் நிற்கிற இடம், தாய் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கிற இடம், பார்வையை மறைக்கிற மதில், கொட்டிக் கிடக்கிற மணல் குவியல் எல்லாவற்றையும் குறியுங்கள். அருந்தப்பில் தப்பின சம்பவங்களைக் கட்டாயம் எழுதுங்கள். யாரோ விழுந்த பிறகுதான் அந்த இடம் ஆபத்து என்று எழுத வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

அதோடு பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற கடைக்குப் போங்கள். எந்த மதகடியில் றிம் நெளிகிறது, எந்த முடக்கில் பெடல் உடைகிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். எங்கட ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிறவர் ஒருநாள் சொன்னார்: "பொலிசுக்குப் போறது ஒண்டு ரெண்டுதான் ஐயா. மிச்சமெல்லாம் என்னட்டைத்தான் வரும்."

வேகத்தை அளக்க ராடர் வேண்டாம்

அளவு நாடாவால் வீதிக்கரையில் 50 மீற்றர் அளந்து இரண்டு நுனியிலும் சோக்கால் கோடு போடுங்கள். போனில் நேரமானி இருக்கிறது. வாகனத்தின் முன்சில்லு முதல் கோட்டைத் தொடும்போது அழுத்தி, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். 6 செக்கன் என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர். 3.6 செக்கன் என்றால் 50. 3 செக்கன் என்றால் 60. இரண்டரைக்குச் சற்று மேலே என்றால் 70. வேலியோரம் மறைவாக நில்லுங்கள். கையில் கொப்பியோடு ஒருவர் நிற்பதைக் கண்டால் எல்லாரும் நல்லவர்களாகி விடுவார்கள்.

அடுத்தது கணக்கு. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம், கணித ரீச்சருக்கும் பிடிக்கும். வீதி 7 மீற்றர் அகலம். சின்னப் பிள்ளை செக்கனுக்கு ஒரு மீற்றர் நடந்தால் கடக்க 7 செக்கன். மணிக்கு 50இல் வருகிற வாகனம் அந்த 7 செக்கனில் 97 மீற்றர் வந்துவிடும். 60இல் வந்தால் 117. அப்படியென்றால் கடக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நூறு மீற்றருக்கு மேல் வெளியாகத் தெரிய வேண்டும். முழங்காலில் நின்று, பிள்ளையின் கண் உயரத்தில் போனைப் பிடித்துப் படம் எடுங்கள். நாற்பது மீற்றரில் மதிலோ முடக்கோ நிறுத்திய பஸ்ஸோ மறைத்தால் அந்த இடத்தில் எந்தப் பாடமும் பிள்ளையைக் காப்பாற்றாது. கடக்கிற இடத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சாரதி பக்கக் கணக்கும் உண்டு. 50இல் போகிறவர் பிள்ளையைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தால், அதற்குள் 14 மீற்றர் போய்விடும், பிறேக் இன்னும் பிடிக்கவேயில்லை. மோதுகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30ஐவிட 50இல் அது ஏறத்தாழ 2.8 மடங்கு. குடிமனைப் பகுதியில் எங்கட நாட்டுச் சட்டம் 50 என்கிறது. 2020இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, நடப்பவரும் சைக்கிளும் வாகனமும் கலக்கிற இடத்தில் 30க்கு மேல் வேண்டாம் என்று பிரகடனம் செய்தது. பாடசாலை வாசலில் 50 என்பதே அதிகம் என்பதுதான் என் எண்ணமும்.

கடிதம் யாருக்கு?

நல்ல முயற்சிகள் பல இந்த இடத்தில்தான் செத்துப் போகின்றன. சபைக்கு வருகிற கடிதங்களில் பல, சபைக்குச் சொந்தமே இல்லாத வீதியைப் பற்றியவை. "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எவரும் வருவதில்லை.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ9, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் இதற்குள் வரும். சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். ஒழுங்கைகளும் உள் வீதிகளும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. புகையிரதக் கடவை புகையிரதத் திணைக்களம். வீதி விளக்குக்கு உள்ளூராட்சி சபை, விளக்குத் தொங்குகிற கம்பத்துக்கு மின் விநியோக நிறுவனம். சந்தேகம் என்றால் கிராம உத்தியோகத்தரைக் கேட்டு விட்டு எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம். ஒரு இடம், ஒரு கோரிக்கை. கீறிய படம், போன் படம், வேகம் எழுதிய அட்டவணை மூன்றும் இணைப்பு. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் கையொப்பம் வைக்கட்டும். போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரி, பிரதேச செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் மூவருக்கும் பிரதி. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இருபது கோரிக்கையை ஒன்றாக எழுதினால், செய்ய முடியாத ஒன்றைக் காட்டி மிச்சம் பத்தொன்பதையும் ஒதுக்குவது வலு சுகம்.

உள்ளூராட்சி சபைகளின் அடுத்த வருடப் பாதீடு மார்கழியில் நிறைவேறும். ஆகவே கடிதம் ஆவணி, புரட்டாதிக்குள் மேசைக்குப் போக வேண்டும். தை மாதம் போனால், "நிதி இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருக்கும்.

என்ன கேட்கலாம்

எங்கட ஊர்களுக்கென்றே ஒரு நோய் இருக்கிறது: ஒழுங்கை மூலை. முன்னர் கிளுவை வேலி, கிடுகு வேலி. கொஞ்சமாவது ஊடாகத் தெரியும், உயரமும் அளவு. இப்போது வெளிநாட்டுக் காசில் மூலை நுனி வரைக்கும் ஆறடி மதில். ஒழுங்கையால் வருகிற சைக்கிள்காரருக்கு முன்சில்லு பெரிய வீதிக்குள் போன பிறகுதான் கண் போகும். வீட்டுக்காரரிடம் மதிலை இடிக்கச் சொல்லிப் போகாதீர்கள், சண்டையில்தான் முடியும். கடைசி மூன்று மீற்றரை மூன்றடிக்குக் குறைத்து மேலே கம்பி வலை போடலாமா என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் அதே மூலையால்தான் வெளியே வருகிறது என்பதையும் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுகிறவர் என்றால் அனுமதிக்குச் சபைக்கு வருவார், வீதிக்கோடு (மதில் தாண்டக்கூடாத எல்லை) அங்கே பார்க்கப்படும். மூலையை வெட்டிக் கட்டச் சொல்ல அதுதான் தருணம். குவிவாடி பூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் கண்ணாடியில் வாகனம் சின்னதாய், தூரத்தில் நிற்பதாய்த் தெரியும்.

இரண்டாவது, வீதிக் கரை. காபெற்றுக்கு மேல் காபெற் போட்டு வீதி உயர்ந்திருக்கும், கரை அதே பள்ளத்தில். பஸ் கோர்ன் அடிக்கச் சைக்கிள்காரர் இறங்கினால் சில்லு மடியும், இறங்காவிட்டால் பஸ் முட்டும். கரைக்குக் கிரவல் போட்டு மட்டப்படுத்துங்கள் என்று கேட்பது சின்ன வேலை. வாய்க்கால் மூடி இல்லாத இடம், கம்பித் தட்டி சில்லுக்குச் சமாந்தரமாகப் போட்ட இடம் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். கம்பிகள் வீதிக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நெடுக்காக இருந்தால் ஒல்லி ரயர் உள்ளே இறங்கும்.

பஸ் தரிப்பிடம் கடவைக்கு அப்பால் இருக்க வேண்டும். கடவைக்கு முன்னால் நின்றால், கடக்கிற பிள்ளையைப் பின்னால் வந்து முந்துகிற மோட்டார் சைக்கிளுக்கு மறைக்கும். கம்பத்தை இருபது மீற்றர் நகர்த்துவதற்குப் பெரிய காசு தேவையில்லை.

வேகத்தடை கேட்டால் மையும் அறிவிப்புப் பலகையும் விளக்கும் சேர்த்துக் கேளுங்கள். மை அழிந்த வேகத்தடை இரவில் சைக்கிளைத்தான் தூக்கி எறியும். கரையில் சைக்கிளுக்கென்று இடைவெளி விடச் சொல்லாதீர்கள், மோட்டார் சைக்கிள்தான் அதால் பறக்கும்.

ஒரு சதமும் செலவில்லாத வேலை இரண்டு உண்டு, அதிபர் நாளைக்கே செய்யலாம். நடந்து போகிற பிள்ளைகளை முதலில் விட்டு, பத்து நிமிடம் கழித்துச் சைக்கிள் பிள்ளைகளை விடுவது ஒன்று. ஏற்ற வருகிற பெற்றோரை வாசலில் நிற்க விடாமல், நூறு மீற்றர் தள்ளிக் கோயில் வீதியிலோ சனசமூக நிலைய வளவிலோ நிற்கச் சொல்வது மற்றது. வாசலில் பிள்ளைகளுக்கு ஆபத்து அநேகமாக வேறு பிள்ளைகளின் தகப்பன்மாரால்தான் வருகிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை.

பாடசாலை ஒழுங்கையைக் காலையும் மத்தியானமும் அரை மணித்தியாலம் வாகனத்துக்கு மூடலாமா என்று கேட்டால், "அதெல்லாம் இங்கை சரிவராது" என்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதியை மூடுகிறோம். சைக்கிளையும் வாகனத்தையும் எங்கேயோ விட்டுவிட்டு எல்லாரும் நடந்துதான் போகிறார்கள், ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை. எங்களுக்கு வீதி மூடத் தெரியும். பொலிசும் சபையும் சம்மதித்தால் ஒழுங்கை முகப்பில் இரண்டு தடுப்பும் பொறுப்பான பெரியவர் ஒருவரும் போதும்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பெருப்பித்துக் கட்டின ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தில் 1971இல் வீதியில் ஏறத்தாழ 3300 பேர் செத்தார்கள், நானூறுக்கு மேல் சிறுபிள்ளைகள். தாய் தகப்பன்மார் தெருவை மறித்து உட்கார்ந்த பிறகுதான் அங்கே சைக்கிள் பாதைகள் பெருகின. சைக்கிள் நாடாகவே அவர்கள் பிறந்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

புகையிரதக் கடவை

1990இல் நின்ற புகையிரதம் 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த தையில் காங்கேசன்துறை வரை போனது. இடைப்பட்ட கால் நூற்றாண்டு தண்டவாளம் இருந்த இடத்தால் பயமில்லாமல் நடந்து பழகிய ஊர் இது. கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் ஒழுங்கைகள் பல பாதையைக் குறுக்கறுக்கின்றன. படலை இல்லாத கடவையில் பிள்ளைக்கு ஒரே பழக்கம்: சைக்கிளை விட்டு இறங்கு, காதில் இருக்கிறதைக் கழற்று, இரண்டு பக்கமும் பார், உருட்டிக்கொண்டு போ. ஓடித்தான் போக வேண்டும் என்றால் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சரிவாகப் போனால் சில்லு தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பிளவில் சிக்கும்.

இனிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்

மண்டபத்தில் அல்ல, மைதானத்தில். சோக்கால் பத்து மீற்றர் நேர்கோடு கீறுங்கள். கோட்டை விட்டு விலகாமல் ஓடிக்கொண்டே வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, பின்னால் ரீச்சர் எத்தனை விரல் காட்டுகிறா என்று சொல்ல வேண்டும். ஓ. எல். படிக்கிற பெடியளுக்கே முதல் தரம் சைக்கிள் ஆடும். இந்த ஒரு பழக்கம் வந்தால், வலப்பக்கம் திரும்புகிறபோது நடக்கிற விபத்து பாதி குறையும் என்பது என் ஊகம். அடுத்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சைகை. அடுத்து, விசில் ஊதினால் எத்தனை அடிக்குள் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. றிம்மையும் பிறேக் கட்டையையும் தண்ணீரால் நனைத்துவிட்டு அதையே திரும்பச் செய்விக்க, மழையில் பிறேக் எவ்வளவு பிந்திப் பிடிக்கும் என்பது விளங்கும்.

அன்றைக்கே சைக்கிளையும் பாருங்கள். அண்ணாவின் பெரிய சைக்கிளில் கால் எட்டாமல் ஓடுகிற பிள்ளைக்கு ஆசனத்தை இறக்குங்கள். பெல், முன்பின் பிறேக், பின்னால் சிவப்பு றிப்ளெக்டர், முன்னால் லைற். டைனமோ இல்லாவிட்டால் மலிவான பற்றறி லைற் போதும். புத்தகப் பை கரியரில் இருக்க வேண்டும், ஹாண்டிலில் தொங்கக்கூடாது.

பிறகு ஐந்து ஐந்து பேராக வீதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நடப்பவர் நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி. சைக்கிள் இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக. கதைத்துக்கொண்டு மூன்று பேர் சமாந்தரமாக ஓடுவதுதான் சைக்கிளின் இன்பமே என்பது எனக்கும் தெரியும், ஒழுங்கைக்குள் ஓடட்டும். நிறுத்திய காரில் இருந்து ஒரு மீற்றர் விலத்திப் போகச் சொல்லுங்கள், கதவு திறப்பார்கள். நிற்கிற பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்தக்கூடாது, அதாலதான் சனம் இறங்கும். டிப்பருக்கு இடப்பக்கத்தில் ஒருநாளும் நிற்கக்கூடாது. முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்பாட்டி வைத்த டிப்பரின் சாரதி ஆசனத்தில் ஏற்றி இருத்துங்கள். கீழே நிற்கிற கூட்டாளியைக் காணவில்லை என்பதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்கு வேறு பாடம் தேவையில்லை.

பெரியவர்கள்

தனியார் பஸ் சாரதிகளோடு பேசப் போனால் குற்றம் சாட்டப் போகாதீர்கள். நேர அட்டவணையும் பின்னால் வருகிற போட்டி பஸ்ஸும் அவர்கள் கழுத்தில். மேலே சொன்ன 7 செக்கன் கணக்கைக் காட்டுங்கள். ஒரு சாரதி தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை எங்கட சங்கத்துக் கூட்டத்தில வந்து சொல்லுங்கோ" என்றார். போய்ச் சொன்னேன். எல்லாரும் கேட்கவில்லை, சிலர் கேட்டார்கள்.

மார்கழித் திருவெம்பாவைக்கு விடியமுன் சங்கோடும் சேமக்கலத்தோடும் கூட்டமாய் வீதியால் வருகிற பெடியளுக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கிறவர் கையில் ரோச்சும் ஒளி தெறிக்கிற சட்டையும் கொடுங்கள். கோயிலுக்குப் போகிற ஆச்சிமாருக்கு வெள்ளைச் சீலை நல்லது. சைக்கிளில் பின்னால் இருக்கிறவர்கள் சீலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகட்டும், சில்லுக்குள் போகும்.

விபத்து நடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. பொலிசுக்கு 119. மூச்சுச் சீராக இருந்து, வேறு வாகனம் மோதுகிற பயமும் இல்லையென்றால், கழுத்து மடங்க ஓட்டோவுக்குள் தூக்கிப் போடாமல் வண்டி வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள்.

மை காய்ந்த பிறகு

கடவைக்கு மை பூசுகிற வேலையை மாரிக்கு முன் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழை கழுவிக்கொண்டு போகும். தை, மாசியில் காய்ந்த வீதியில் பூசினால் நிலைக்கும். பூசி ஒரு மாதம் கழித்து அதே 50 மீற்றர், அதே நேரம், அதே மறைவில் நின்று வேகத்தைத் திரும்ப அளந்து, பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி, அதே அலுவலகத்துக்கு ஒரு நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். நன்றி சொல்லி வருகிற கடிதம் அலுவலகங்களுக்கு அபூர்வம், அதை மேசைக்கு மேலேயே வைத்திருப்பார்கள். வேகம் குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதி, அடுத்த கோரிக்கையை அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் போடுங்கள்.